"ஒண்டுமில்லை" என்று சொல்லும் முதியவரிடம் எப்படிக் கேட்பது?

நீங்கள் கேட்டது இதுதான்: திருகோணமலை மாவட்டத்தில் தம்பலகாமம், மூதூர் பக்கம் 60 வயது தாண்டியவர்களிடம் வீடு வீடாகப் போய் உடல்நல நேர்காணல் செய்கிறீர்கள், கையில் இருபது பக்க வினாக்கொத்து. முதல் பத்து வீட்டிலும் "ஒண்டுமில்லை தங்கச்சி, கடவுளே எண்டு இருக்கிறன்" என்ற பதில்தான் வந்திருக்கிறது. பிழை வினாக்கொத்திலா, கேட்கிற விதத்திலா, இதே படிவத்தைப் பிறகு கிளினிக்கிலும் பாவிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மாவட்டத்தில் பல வருடம் இதே வேலையாக அலைந்திருக்கிறேன், தாதியாகவும், ஆய்வுகளுக்குத் தகவல் சேகரிப்பவளாகவும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த "ஒண்டுமில்லை". வாசலில் வந்து நிற்கிற இளம் பிள்ளை "எப்படியம்மா இருக்கிறீங்கள்" என்றால் நம்மூர் வயதானவர் என்ன சொல்வார்? "ஏதோ இருக்கிறன்" என்பார். கிண்ணியாவில் என்றால் "அல்ஹம்துலில்லாஹ் புள்ள". வந்தவருக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுப்பது போல இதுவும் ஒரு உபசாரம். உடம்பைப் பற்றி அவர் இன்னும் பேசத் தொடங்கவே இல்லை, நீங்கள் அதற்குள் கட்டத்தில் புள்ளடி போட்டுவிட்டீர்கள். உங்கள் முதல் கேள்வி அநேகமாக "பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி" என்பதாக இருக்கும். அதை லேசாக எண்ண வேண்டாம். 27 சமூக ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 1997 இல் வெளிவந்த ஒரு மீளாய்வில், தன் உடல்நலம் மோசம் என்று தானே சொன்னவர்கள் அடுத்து வந்த வருடங்களில் இறக்கும் சாத்தியம் கூட என்பது ஏறத்தாழ எல்லா ஆய்விலும் தெரிந்தது, மற்ற நோய்களையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும்கூட. அவ்வளவு கனமான கேள்வி. ஆனால் அந்தக் கனம் வருவது, பதில் சொல்பவர் தன் உடம்பை ஒரு தரம் நினைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னால்தான்.

அதற்கு நான் செய்வது, படிவத்தை எடுக்கும் முன் ஒரே ஒரு பேச்சு: "நேற்று விடிய எழும்பினதில இருந்து ராத்திரி படுக்கிற மட்டும் என்னென்ன செய்தீங்கள், சொல்லுங்கோ பார்ப்பம்." நிலாவெளியில் ஒரு அம்மா இதற்குச் சொன்னது: "நாலு மணிக்கே முழிப்பு வந்திடும். உடன எழும்ப ஏலாது, கட்டில் விளிம்பில கொஞ்ச நேரம் இருந்துதான் எழும்புவன், இல்லாட்டித் தலை சுத்தும். வாளி தூக்க மாட்டன், மருமகள் அள்ளி வைப்பா. கோயிலுக்கு முந்திப் போவன், இப்ப போறதில்லை." ஒரு நிமிடப் பேச்சுத்தான். நித்திரை குறைவு, எழும்பும்போது தலைச்சுற்று (பிரஷர் குளிசை கூடிப் போனதா என்று பார்க்க வேண்டும்), கைப்பலம், வீட்டில் உதவிக்கு யார், வெளியே போவது நின்றுவிட்டது, எல்லாம் அதற்குள் இருக்கிறது. இதே அம்மாவிடம் நேரே "உங்களுக்குத் தலைச்சுற்று உண்டா" என்று கேட்டிருந்தால் "இல்லை" என்றிருப்பார், ஏனென்றால் மெதுவாக எழும்பினால் அவருக்குத் தலை சுற்றாது. ஆய்வு என்றால் ஒரு எச்சரிக்கை: இந்த முன்பேச்சை ஒருவரிடம் செய்தால் எல்லோரிடமும் செய்ய வேண்டும், அதே இடத்தில், ஏறக்குறைய அதே நேர அளவுக்கு. பாதிப் பேரிடம் பேசிவிட்டும் பாதிப் பேரிடம் நேரடியாகவும் கேட்டால் அந்த இரண்டு தொகுதியையும் ஒப்பிடவே முடியாது.

அடுத்தது, நீங்கள் யார் என்று அவர்கள் நினைக்கிறார்கள். திருகோணமலையில் இதை விட்டுவிட்டு நேர்காணல் பற்றிப் பேச முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு படிவத்தோடு வராத ஆளில்லை. 2006 இல் சம்பூரை விட்டு ஓடி, கிளிவெட்டிப் பக்கம் முகாமில் பல வருடம் இருந்து, 2015 இல்தான் திரும்பத் தொடங்கிய குடும்பத்தில் ஒரு 75 வயது ஐயா தன் பெயரை எத்தனை தரம் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். நிவாரணத்துக்கும் பதிந்தார்கள், வேறு காரணங்களுக்கும் பதிந்தார்கள். ஆகவே "பதிய வந்திருக்கினம்" என்று அயலில் குரல் கேட்டதுமே பதில்கள் இரண்டு பக்கமாகப் பிரியும். உதவி வரும் என்று நம்புகிறவர் வருத்தத்தைக் கூட்டிச் சொல்வார், பயப்படுகிறவர் எல்லாவற்றையும் மறைப்பார். இருவரையும் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. நான் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவேன்: "இதால உங்களுக்குக் காசோ சாமானோ வராது, ஒண்டும் வெட்டுப்படவும் மாட்டாது, சொல்ல விருப்பமில்லாததைச் சொல்ல வேண்டாம்." சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதையும் கவனியுங்கள். காணிப் பிரச்சினை இல்லாத ஊர் இங்கே குறைவு. தெரியாத தாளில் கைநாட்டு வைக்க ஒரு வயதானவர் தயங்கினால் அது பிடிவாதம் இல்லை, அனுபவம். வாய்மொழிச் சம்மதத்தை ஒரு சாட்சியின் முன் பெற்றுப் பதியும் வழிக்கு நெறிமுறைக் குழுவிடம் முன்பே அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது சொற்கள். உங்கள் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம். உங்கள் வினாக்கொத்தைக் கொழும்பிலோ இந்தியாவிலோ யாரோ மொழிபெயர்த்திருப்பார்கள். "மாத்திரை" என்று இருக்கும், நம்மவர் சொல்வது குளிசை. "சிறுநீர் அடக்கவியலாமை" என்று இருக்கும், அதை வாசித்தால் படித்த ஐயாவே "என்ன பிள்ளை?" என்பார். "சலம் வந்தால் பாத்ரூமுக்குப் போய்ச் சேருற வரைக்கும் அடக்க ஏலுமோ, உடுப்பில பட்டிடுமோ" என்று பெண்ணிடம் பெண் கேட்டால் பதில் வரும். ஆனால் பிழையான சொல்லைவிட ஆபத்தானது, தெரிந்த சொல் வேறு பொருளில் ஓடுவது. "களைக்குது" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அது சோர்வு, இன்னொருவருக்கு மூச்சு வாங்குவது. இதயப் பலவீனம் உள்ள ஒருவர் "கொஞ்சம் களைப்புத்தான்" என்று சொல்லி, நீங்கள் அதைச் சோர்வு என்று எழுதிவிட்டு வந்தால் ஒரு பெரிய வருத்தம் தாளில் காணாமல் போகிறது. "மேல் சோர்வா, மூச்சு எடுக்கக் கஷ்டமா? படுத்தால் கூடுதோ? தலைகாணி எத்தனை வைக்கிறீங்கள்?" என்று பிரித்துக் கேட்க வேண்டும். அதேபோல "யோசனை". "எனக்கு ஒரே யோசனை" என்று நம்மூர் அம்மா சொன்னால் அவர் சிந்தித்துக்கொண்டிருக்கவில்லை, கவலை உள்ளே அரைத்துக்கொண்டிருக்கிறது. மனச்சோர்வைத் தேடுகிறவருக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது, ஆனால் மொழிபெயர்த்த எந்தப் படிவத்திலும் இந்தச் சொல்லை நான் கண்டதில்லை.

விழுவதும் இப்படித்தான். "கடந்த 12 மாதத்தில் விழுந்தீர்களா?" "இல்லை." அப்படிச் சொன்ன ஒரு அம்மாவின் முழங்கையில் ஆறாத காயத்தைக் கண்டு கேட்டேன். "அது விழுந்ததில்லையே, கிணத்தடியில வழுக்கி இருந்திட்டன்" என்றார். விழுவதென்றால் அவருக்கு மரத்தால், மாடியால் விழுவது. "வழுக்கியோ, தடுக்கியோ, தலை சுத்தியோ, எப்படியாவது நிலத்தில இருந்தீங்களா, கையை ஊண்டினீங்களா" என்று விரித்துக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டாலும் மறதி இருக்கிறது. 60 வயது தாண்டியவர்களை ஒரு வருடம் பின்தொடர்ந்து, விழுந்ததை அவ்வப்போது பதிந்து, பிறகு கேட்டுப் பார்த்த 1988 அமெரிக்க ஆய்வு ஒன்றில், விழுந்தது உறுதியானவர்களில் நூற்றுக்கு 13 முதல் 32 பேர் வரை அது நினைவில்லை என்றார்கள், கேட்ட காலப்பகுதியைப் பொறுத்து.

ஆனால் ஆய்வின் நடுவில் நீங்களாகச் சொல்லை மாற்றக் கூடாது. இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரிக் கேட்டால் வருவது கதை, தரவு இல்லை. மாற்றும் வேலையெல்லாம் தொடங்கும் முன்பே முடிய வேண்டும்: பத்துப் பன்னிரண்டு முதியவரைப் பிடித்து (தமிழர், முஸ்லிம்கள், கடற்கரை, வயற்புறம், பள்ளிக்கூடம் போனவர், போகாதவர் என்று கலந்து) ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, "நான் இப்ப என்ன கேட்டனான் எண்டு உங்கட வாயால சொல்லுங்கோ" என்று கேளுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்வதில் சரியான சொல் இருக்கும். அதைப் படிவத்தில் ஏற்றி, மூலத்தின் பொருள் மாறவில்லை என்று திரும்ப மொழிபெயர்த்துப் பார்த்து, அதன் பிறகு பூட்டிவிடுங்கள். பூட்டிய பிறகு ஒருவருக்கு விளங்கவில்லை என்றால் என்ன விளக்கம் சொல்லலாம் என்பதையும் எழுதி வைத்து எல்லோரும் அதையே சொல்ல வேண்டும்.

அன்றாட வேலைகள் பற்றிய பகுதிக்கு வருவோம். குளித்தல், உடுத்தல், கழிப்பறை, படுக்கையிலிருந்து எழும்புதல், மலசலக் கட்டுப்பாடு, சாப்பிடுதல் என்ற ஆறையும் கேட்கும் கட்ஸ் அளவை 1963 இல் வந்தது. சமையல், கடைக்குப் போதல், காசு விவகாரம், மருந்து எடுத்தல் போன்றவற்றைக் கேட்கும் லோட்டன் அளவை 1969. இரண்டும் நல்லவைதான், அமெரிக்க வீட்டுக்குள் பிறந்தவை. நம்மூரில் "குளிப்பீர்களா" என்றால் ஷவரில் நிற்பதா, கிணற்றில் அள்ளி ஊற்றுவதா? குந்தியிருக்கும் கழிப்பறையா, கொமோடா? மகன் கட்டாரில் இருந்து காசு அனுப்பிக் கொமோட் வைத்துக் கொடுத்த வீட்டில் ஒருவர் "தனியாகப் போவேன்" என்பார், பக்கத்து வீட்டில் அதே முழங்காலோடு இன்னொருவர் "ஏலாது" என்பார். வித்தியாசம் முழங்காலில் இல்லை, வீட்டில். ஆகவே கழிப்பறை எந்த வகை, தண்ணீர் எங்கே என்று ஒரு வரி பக்கத்தில் எழுதுங்கள். நான் கிளினிக்கில் கேட்பது இன்னும் எளிது: நிலத்தில் இருந்து பிடிக்காமல் எழும்புவீர்களா, துருவலையில் இருந்து தேங்காய் துருவுவீர்களா, முஸ்லிம் பெரியவர் என்றால் சுஜூது செய்து (நெற்றி நிலத்தில் பட) தொழுகிறாரா, கதிரையில் இருந்து தொழுகிறாரா, எப்போதிலிருந்து. அந்த "எப்போதிலிருந்து" பலருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும், "போன நோன்புக்கு நிலத்திலதான் தொழுதன்" என்பார்கள்.

இன்னொன்று, செய்ய முடியாததும் செய்யாததும் வேறு. 78 வயது ஐயா சமைப்பதில்லை என்றால் அவர் இயலாதவர் இல்லை, வாழ்க்கையில் அடுப்படிக்குப் போனதே இல்லை. லோட்டன் அளவையிலேயே ஆரம்பத்தில் ஆண்களுக்குச் சமையல், வீட்டுவேலை, சலவை மூன்றையும் கணக்கில் எடுக்கவில்லை. "நீங்கள் செய்கிறீர்களா" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் "செய்ய வேண்டி வந்தால் ஏலுமா" என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள்.

காலத்தைக் கேட்பதில் ஊரின் சரித்திரம் உதவும். "எத்தனை வருடமாக முழங்கால் நோ?" என்றால் "கன காலம்" என்பார்கள். அடையாள அட்டையில் உள்ள வயதும் சிலருக்கு உத்தேசம்தான். நிகழ்ச்சிக் காலண்டர் ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள்: 1942 சித்திரையில் துறைமுகத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டது, 1957 இல் வெள்ளைக்காரக் கடற்படை போனது, 1964 மார்கழிப் புயல், 1983, 1990 இடப்பெயர்வுகள், 2004 கடல் வந்தது, கிண்ணியாவில் 2009 இல் பாலம் திறந்தது. "புயலடிக்கேக்குள்ள பள்ளிக்கூடம் போனீங்களா?" என்ற கேள்வியில் வயது வந்துவிடும். "சீனி வருத்தம் எண்டு சொன்னது பாதை ஓடின காலமா, பாலம் வந்த பிறகா?" என்றால் (பாதை என்பது பாலத்துக்கு முன் ஆட்களை ஏற்றிக் கடந்த மிதவை) கிண்ணியா ஆட்கள் யோசிக்காமல் சொல்வார்கள். கிட்டிய காலத்துக்குப் போயா தினமும் வெள்ளிக்கிழமையும் போதும். ஆனால் இந்தக் காலண்டரில் சில வருடங்கள் ஒரு குடும்பத்தின் இழப்பு நாளாகவும் இருக்கும். 1990 என்று நீங்கள் சாதாரணமாகச் சொன்னதும் எதிரில் இருப்பவர் அமைதியாகிவிட்டால் நிறுத்துங்கள், காத்திருங்கள், தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், அவர் தொடரச் சொன்னால் மட்டும் தொடருங்கள். அன்றைக்கு முடியாவிட்டால் முடியாமலே போகட்டும்.

மனநிலைக் கேள்விகள். முதியோர் மனச்சோர்வு அளவையின் 15 கேள்வி வடிவம் 1986 இல் வந்தது, ஆம் இல்லை என்று பதில் சொல்லலாம் என்பதால் வயதானவர்களுக்கு வசதி. ஆனால் "வெளியே போய்ப் புதிதாக எதையும் செய்வதைவிட வீட்டிலிருக்க விரும்புகிறீர்களா" என்ற மாதிரி ஒரு கேள்வி அதில் உண்டு. கணவனை இழந்து வெள்ளைச் சேலையோடு இருக்கிற அம்மா "ஓம்" என்றால் அது சோர்வா, வழக்கமா? புள்ளியை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பி.எச்.கியூ-9 என்ற இன்னொரு படிவம் கடந்த இரண்டு வாரத்தைக் கேட்கிறது, அதன் கடைசிக் கேள்வி சாவதே மேல் என்ற நினைப்பைப் பற்றியது. இந்த இடத்தில் என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில் ஒரு ஐயா "போய்ச் சேர்ந்தால் காணும் பிள்ளை" என்றார். வயதானவர்கள் எல்லோரும் சொல்வதுதானே என்று ஒரு அடையாளத்தைப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அன்று பின்னேரம் படிவத்தைப் பார்த்த மேற்பார்வையாளர் "அதுக்குப் பிறகு என்ன கேட்டனீங்கள்?" என்றார். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் விடிய அவரோடு திரும்பப் போனேன், ஐயா மூன்று வாரமாகச் சாப்பாட்டைப் பாதியில் வைக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. இப்போது நான் அந்த வாக்கியத்தை ஒருபோதும் தாண்டிப் போவதில்லை. "கடவுள் எடுத்தால் காணும் எண்டு நினைக்கிறீங்களா, இல்லை நீங்களே ஏதும் செய்து கொள்ளலாம் எண்டு நினைப்பு வாறதா?" என்று தெளிவாகவே கேட்பேன். அப்படிக் கேட்டால் நினைப்பு வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், கேட்பதால் ஆபத்துக் கூடுவதில்லை. பதில் ஆம் என்றால் அவரைத் தனியே விட்டுவிட்டு வரக் கூடாது. யாருக்கு அறிவிப்பது, எந்த வைத்தியசாலைக்கு அனுப்புவது என்பது ஆய்வு தொடங்கும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926, அம்புலன்ஸுக்கு 1990, இரண்டையும் படிவத்தின் முதல் பக்கத்திலேயே அச்சடித்து வையுங்கள்.

நினைவாற்றல் சோதனை பற்றிச் சுருக்கமாக. 1975 இல் வந்த 30 புள்ளிச் சோதனையில் நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பது, வாக்கியம் எழுதுவது எல்லாம் உண்டு. பேனா பிடிக்காத ஒருவரிடம் அது அவருடைய பள்ளிக்கூடத்தைத்தான் அளக்கும். இதற்காகவே டில்லிக்குக் கிட்ட பல்லப்கர் கிராமங்களில், படிக்காதவர்களுக்கேற்ப ஒரு ஹிந்தி வடிவத்தை உருவாக்கி 1995 இல் வெளியிட்டார்கள். அந்த வழியைப் பாருங்கள். காது, கண் சரியா என்று பார்க்காமல் இந்தச் சோதனையைத் தொடங்கவே வேண்டாம். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ, எதிரே, அதே உயரத்தில் இருந்து, சத்தம் போடாமல் மெதுவாகப் பேசுங்கள். நோன்பு மாதத்தில் பின்னேரத்திலும், இரத்தம் கொடுக்க வெறுவயிற்றோடு வந்திருக்கிற கிளினிக் காலையிலும், கச்சான் காற்று அடிக்கிற நடுப்பகலிலும் எடுத்த புள்ளியை நான் நம்புவதில்லை.

மகள், மருமகள் பக்கத்தில் இருந்து பதில் சொல்வார்கள். மறதி நோய் உள்ளவருக்கு அது தேவை. மற்றவர்களுக்கு, நடப்பது, குளிப்பது போன்ற கண்ணால் காண்பதை வீட்டார் ஓரளவு சரியாகச் சொல்வார்கள் (கொஞ்சம் கூட்டியே சொல்வது வழக்கம்), நோவையும் கவலையையும் அவ்வளவு சரியாகச் சொல்ல மாட்டார்கள். யார் சொன்னது என்று ஒவ்வொரு பகுதியிலும் குறியுங்கள். ஒரு பதினைந்து நிமிடமாவது தனியே பேச வழி செய்யுங்கள், "அம்மா, கிணத்தடியைக் காட்டுங்கோ" என்று எழுப்பிக்கொண்டு போவது எனக்குப் பல தரம் கை கொடுத்திருக்கிறது. அடி, ஏச்சு, பென்ஷன் காசைப் பறிப்பது போன்ற விஷயம் அந்த நடையில்தான் வெளியே வரும். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமைகளுக்கென்றே இருக்கிறது. அவர் விரும்பினால் பிரதேச செயலகத்தில் எங்கே போவது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மருந்தைக் கேட்காதீர்கள், பாருங்கள். "வீட்டில இருக்கிற எல்லாக் குளிசையையும் கொண்டு வாங்கோ" என்றால் ஒரு பை வரும். கிளினிக் உறைகள், தனியார் ஃபார்மசி அட்டைகள், கனடாவில் இருந்து மகள் அனுப்பிய மூட்டுக் குளிசைப் போத்தல், அரிஷ்டம், கசாயம். சீனி வருத்தத்துக்கான மெட்போர்மின் ஒரு உறையில் ஒரு பெயரிலும், அட்டையில் கம்பனிப் பெயரிலும் இருக்க இரண்டையும் விழுங்குகிறவரை நான் கண்டிருக்கிறேன்.

கடைசியாக, இதே படிவம் கிளினிக்குக்கு ஆகுமா? அப்படியே ஆகாது. ஆய்வில் எல்லோரிடமும் ஒரே கேள்வியை ஒரே சொல்லில் கேட்கிறீர்கள், பதில் கூட்டத்தைப் பற்றியது. கிளினிக்கில் எதிரே இருக்கிற ஒருவருக்கு அடுத்து என்ன செய்வது என்பதுதான் கேள்வி, அங்கே சொல்லை மாற்றலாம், தாண்டலாம், திரும்பக் கேட்கலாம். இருபது பக்கத்துக்கு அங்கே நேரமும் இல்லை. ஆனால் நம் கிளினிக்குக்கு ஒரு பெரிய வசதி உண்டு, அதே ஆட்கள் மாதாமாதம் குளிசைக்கு வருகிறார்கள். மாதம் ஒரு விஷயம் என்று பிரித்தால் வருடத்தில் பன்னிரண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட முதியோர் பராமரிப்புக் கைநூல் நினைவு, நடமாட்டம், போஷாக்கு, பார்வை, காது கேட்பது, மனநிலை என்று ஆறைப் பார்க்கச் சொல்கிறது, அதன் முதல் கட்டச் சோதனை மிகச் சின்னது: கையை ஊன்றாமல் கதிரையில் இருந்து ஐந்து தரம் எழும்ப 14 செக்கன் போதுமா, மூன்று மாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல் தானாக மெலிந்தாரா. வீட்டில் தராசு இல்லையென்றால் "சட்டை தொளதொளக்குதா, காப்பு கழண்டு விழுதா" என்று கேளுங்கள். கண்டதைக் கிளினிக் கொப்பியில் திகதியோடு ஒரு வரி எழுதுங்கள், அடுத்த மாதம் வேறு வைத்தியர் இருந்தாலும் அவர் கண்ணில் படும்.

அந்த முதல் பத்து வீட்டுப் படிவங்களைக் கிழிக்க வேண்டாம், பிரதான தரவோடு சேர்க்கவும் வேண்டாம். முன்னோட்டம் என்று தனியாக வைத்து, நெறிமுறை அனுமதியில் இடமிருந்தால் அதே பத்து வீட்டுக்கும் திரும்பப் போங்கள். உங்கள் முகம் அவர்களுக்கு இப்போது தெரியும். நேற்றைய நாளைச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு ஒவ்வொரு கேள்வியாக வாசித்து என்ன விளங்கியது என்று கேளுங்கள். சொற்களைத் திருத்தும் வேலையை அந்தப் பத்துப் பேரில் இருந்தே தொடங்கலாம், மேலே சொன்ன கலவையில் குறைகிற ஆட்களை மட்டும் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.